உதவி: 1½ இன்ச் என்று ஏற்றினால் தளத்தில் 11⁄2 என்று வருகிறது

பைப்புக்கடை மருமகன் | திங்கள், இரவு 9:40

வணக்கம். வேலூர் லாங்கு பஜார் பக்கம் மாமாவுக்கு பைப், ஃபிட்டிங்ஸ் கடை. விலைப்பட்டியலைத் தளத்தில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. சுமார் 600 அயிட்டம். எக்செல்லில் 1½, 1¼, ¾ என்று ஒழுங்காகத்தான் அடித்தேன். ஏற்றி முடித்துப் பார்த்தால் ஒன்றரை இன்ச் எல்லாம் 11⁄2, ஒன்றேகால் எல்லாம் 11⁄4, இரண்டரை எல்லாம் 21⁄2. தனியாக வரும் ½ கூட 1⁄2 ஆகியிருக்கிறது. அது பார்க்கத் தப்பாகத் தெரியாததால் முதலில் கவனிக்கவில்லை.

போன வாரம் ஒடுகத்தூரிலிருந்து ஒருவர் தளத்தில் இருந்த பெயரை அப்படியே காப்பி செய்து, "எல்போ 11⁄2" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எத்தனை வேண்டும் என்று எழுதவில்லை. கடைப்பையன் அதை "அரை இன்ச், 11 எண்ணம்" என்று படித்து, பதினோரு எல்போவைப் பையில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவருக்கு வேண்டியது ஒன்றரை இன்ச்சில் நான்கு. மாமா என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஃபான்ட்டை மாற்றிப் பார்த்தேன், வேறு பிரவுசரில் பார்த்தேன், அதேதான். டேட்டாபேஸில் 11/2 என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை! கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை.

பேசாமல் பின்னமே வேண்டாம் என்று 1.5, 1.25 என்று போட்டுவிடலாமா?

கம்பி நூல் | திங்கள், இரவு 10:05

தம்பி, 1.5 மட்டும் போடாதீர்கள். குடியாத்தத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். 1.5 என்று போட்டால் யாராவது ஒருவர் அதை 25.4 ஆல் பெருக்கி 38.1 மிமீ என்று அளந்து பார்க்க ஸ்கேலை எடுத்துவருவார். ஒன்றரை இன்ச் பைப் என்பது பெயர், அளவு இல்லை. அதன் வெளிவிட்டம் இன்ச் கணக்கு பிவிசியில் 48.26 மிமீ. பிளம்பர்கள் "ஒண்ணரை", "ஒண்ணேகால்", "முக்கால்" என்றுதான் கேட்பார்கள். யாரும் "ஒன்று புள்ளி இரண்டு ஐந்து கொடு" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்.

அகழிக்கரை | திங்கள், இரவு 10:30

இரண்டு கேள்வி. ஒன்று, அந்த 11⁄2-இல் இருக்கும் சாய்கோடு, கீபோர்டில் நாம் அடிக்கும் / கோட்டைவிட இன்னும் கொஞ்சம் சாய்ந்து, பக்கத்து எண்களோடு ஒட்டினாற்போல் இருக்கிறதா? இரண்டு, எக்செல்லுக்கும் தளத்துக்கும் நடுவில் பெயர்களைச் "சுத்தம்" செய்யும் ஸ்கிரிப்ட் ஏதாவது ஓடுகிறதா?

பைப்புக்கடை மருமகன் | செவ்வாய், காலை 7:15

கோடு சாய்ந்துதான் இருக்கிறது அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது. ஸ்கிரிப்ட்டும் இருக்கிறது. சித்தப்பா பையன் பைத்தானில் எழுதிக் கொடுத்தான். தளத்தில் "கொக்கி" என்று தேடினால் பாதிதான் வந்தது, மீதிப் பாதி வரவில்லை. அதைச் சரி செய்ய எழுதியது. அதன்பிறகு கொக்கி எல்லாம் ஒழுங்காக வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

அகழிக்கரை | செவ்வாய், காலை 8:50

சம்பந்தம் அதுவேதான்.

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு ொ என்ற ஒரே குறி. அல்லது க, அப்புறம் ெ, அப்புறம் ா என்று தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அதனால்தான் பாதிக் கொக்கி தொலைந்தது. இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒரே விதமாக்க நார்மலைசேஷன் என்று ஒன்று உண்டு. உங்கள் தம்பி அதைத்தான் போட்டிருக்கிறார், யோசனை சரி. ஆனால் நார்மலைசேஷனில் நான்கு வகை. தமிழுக்குத் தேவையானது என்எஃப்சி (NFC). அவர் எடுத்தது என்எஃப்கேசி (NFKC) என்று பந்தயம் கட்டுகிறேன்.

நடுவில் வரும் அந்த கே எழுத்துதான் வினை. அது "ஏறக்குறைய இதே பொருள்தானே" என்று நினைக்கும் குறிகளை எல்லாம் உடைத்துச் சாதாரண எழுத்தாக்கிவிடும். ½ என்பது ஒரே எழுத்து. அதை 1, பின்னச் சாய்கோடு, 2 என்று மூன்றாக உடைக்கும். முன்னால் ஏற்கெனவே ஒரு 1 இருந்தால் நடுவில் இடைவெளி விடாது. 1½ என்பது 11⁄2 ஆகிறது. அந்தப் பின்னச் சாய்கோட்டின் யூனிகோட் எண் 8260, நீங்கள் கீபோர்டில் அடிப்பது 47. அதனால்தான் தேடினால் கிடைக்கவில்லை.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. 8260-ஐப் பார்த்ததும் இரண்டு பக்க எண்களையும் தானாகவே சின்னதாக்கி மேலும் கீழும் வைக்கும் பிரவுசர்கள் உண்டு, ஃபான்ட்டில் அந்த வசதி இருந்தால். அப்போது பதினொன்றின் கீழ் இரண்டு, அதாவது ஐந்தரை, அச்சடித்த பாடப்புத்தகம் போல அழகாகத் தெரியும். தப்பு அழகாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் ஃபான்ட்டில் அது இல்லாதது ஒரு வகையில் நல்லதுதான்.

ஸ்கிரிப்ட்டில் அந்த ஒரு எழுத்தை எடுத்தால் போதும். அயிட்டம் பெயரில் ² இருந்தாலும் பாருங்கள். ஒயர் விற்கிறீர்களா? 1.5 மிமீ² என்பது 1.5 மிமீ2 ஆகியிருக்கும்.

பைப்புக்கடை மருமகன் | செவ்வாய், மதியம் 1:20

என்எஃப்கேசியேதான்! மிமீ2-ஆகவும் ஆகியிருக்கிறது. மூல எக்செல் இருக்கிறது, ஆனால் ஏற்றிய பிறகு தளத்திலேயே விலையை நிறைய திருத்தினோம். திரும்ப ஏற்றினால் அதெல்லாம் போய்விடும். இருப்பதையே திருத்த வழி உண்டா? ஸ்பேனரில் 11/16 நிஜமாகவே இருக்கிறது, அது 1 1/16 ஆகிவிட்டால் இன்னொரு ரகளை.

அகழிக்கரை | செவ்வாய், மதியம் 2:00

ஆகாது. ஸ்பேனரின் 11/16-ஐ நீங்கள் கீபோர்டில் அடித்தீர்கள், அதில் 47. கெட்டுப்போனதில் மட்டும்தான் 8260. அதை மட்டும் தேடுங்கள்.

பிரிப்பதும் சுலபம். ஒரே எழுத்தாக இருக்கும் பின்னங்களில் மேல் எண் எப்போதும் ஒற்றை இலக்கம்தான்: ½, ⅔, ¾, ⅝, ⅞ எதை எடுத்தாலும். ஆக, சாய்கோட்டுக்கு நேர் முன்னால் இருக்கும் ஒரு இலக்கம் பின்னத்துக்குச் சொந்தம், அதற்கும் முன்னால் இருப்பது முழு எண். 21⁄2 என்றால் 2, ½. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

திரும்ப எழுதும்போது ¼, ½, ¾ மூன்றுக்கும் &#188; &#189; &#190; போடலாம், இல்லை நேராக அந்தக் குறியையே ஒட்டலாம். பக்கம் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

காட்பாடி கேட்பவன் | செவ்வாய், மாலை 6:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பார்வை கிடையாது, போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ, திரையில் இருப்பதை இந்தத் திரை படிப்பான்கள்தான் எனக்குக் குரலில் சொல்லும். வீட்டு வேலைக்கு சாமான்களை நானே ஆர்டர் போடுவேன். உங்கள் பிரச்சினை தீர்ந்தாலும் என் பிரச்சினை தீராது, அதனால் சொல்கிறேன்.

½ என்ற குறியைப் படிப்பது குரலுக்குக் குரல் மாறுகிறது. ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்லும், இன்னொன்று சத்தமே இல்லாமல் விழுங்கிவிடும். விழுங்கினால் 1½ இன்ச் எனக்கு "ஒன்று இன்ச்". 3/4 என்று அடித்தால் "மூன்று சாய்வு நான்கு" என்று வரும், இல்லாவிட்டால் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தளத்தில் மேலே ஒரு சின்ன எண், கீழே ஒரு சின்ன எண் என்று அழகுபடுத்தியிருந்தார்கள். எனக்கு "ஒன்று ஒன்று இரண்டு" என்று வந்தது. நூற்றுப் பன்னிரண்டு இன்ச் பைப்பில் பாலாற்றுத் தண்ணீரையே கொண்டுவந்துவிடலாம், அதில் தண்ணீர் இருந்தால்.

தமிழில் இதற்கெல்லாம் வார்த்தை இருக்கிறதே. "ஒன்றரை இன்ச்" என்று எழுதுங்கள். எந்தக் குரலும் தடுமாறாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் வந்து தமிழை உடைக்கும்.

அகழிக்கரை | செவ்வாய், மாலை 7:10

நல்லவேளை சொன்னீர்கள் சார். குறிக்கு மேல் ஏரியா (ARIA) லேபிள், அதாவது திரை படிப்பான் மட்டும் வாசிக்கும் மறைவுப் பெயர், போட்டால் தீரும் என்று எழுதவிருந்தேன். வெறும் ஸ்பானில் (எச்டிஎம்எல்லில் எழுத்தைச் சுற்றிப் போடும் சாதாரண உறை) அதைப் போடக்கூடாது என்று ஏரியா 1.2 விதியிலேயே இருக்கிறது. படம் என்று ரோல் கொடுத்துப் போட்டால் ஏற்கும், ஆனால் 600 வரியிலும் "படம், படம்" என்று உங்கள் காதில் விழும்.

காட்பாடி கேட்பவன் | செவ்வாய், மாலை 7:25

ஐயோ வேண்டாம்.

டிடிபி அக்கா | செவ்வாய், இரவு 8:40

ஆரணியில் 20 வருடமாக டிடிபி. யூனிகோட் பரவும் முன் இருந்த டிஸ்கி (TSCII) என்ற தமிழ்க் குறியீட்டு முறை ஃபான்ட்டில் அடித்தபோது ½ போடவே முடியாது, ஏனென்றால் 188, 189, 190 என்ற அந்த இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். குறியை ஒட்டினால் ஏதோ ஒரு எழுத்து வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் ஆட்கள் இன்னும் 1-1/2 என்று அடிக்கிறார்கள். உங்கள் எக்செல்லில் அப்படிச் சில வரிகள் கலந்திருக்கும், பாருங்கள்.

அப்புறம் யாராவது ஸ்டைல் ஷீட்டில் டயகனல் ஃப்ராக்ஷன்ஸ் என்ற வசதியைப் பக்கம் முழுக்கப் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். 12/8 என்ற தேதியும் பின்னமாகும், சில ஃபான்ட்டில் போன் நம்பர்கூடச் சின்னதாகிவிடும். 5/16 போலக் குறியே இல்லாத பின்னத்துக்கு மட்டும், அந்த இடத்தில் மட்டும் போடலாம்.

தமிழிலேயே கால், அரை, மாகாணி, முந்திரி வரை தனிக்குறிகள் உண்டு, 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்த்துவிட்டார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் என் போனில் வெறும் கட்டம். கடைக்காரருக்கு வேண்டாம், கல்வெட்டு படிப்பவர்களுக்கு ஆகும்.

கம்பி நூல் | செவ்வாய், இரவு 9:30

அக்கா முந்திரி என்றதும் ஞாபகம் வந்தது. கம்பி, போல்ட் பக்கம் இன்ச்சில் எட்டில் ஒன்றை "நூல்" என்போம் தம்பி. ⅜ என்றால் 3 நூல், ⅝ என்றால் 5 நூல். 5/16 இரண்டரை நூல். போனில் சின்ன எழுத்தில் ⅜, ⅝ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு எது மூன்று எது ஐந்து என்று தெரியாது. நூல் கணக்கைப் பக்கத்தில் எழுதிவிட்டால் எனக்கும் புரியும், காட்பாடி சாருக்கும் கேட்கும்.

பைப்புக்கடை மருமகன் | வெள்ளி, இரவு 11:10

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கிரிப்ட் என்எஃப்சிக்கு மாறியது, கொக்கி இன்னும் சரியாகவே வருகிறது. 8260 தேடியதில் 143 வரி மாட்டியது. அண்ணா சொன்ன முறையில் பிரித்து, கையால் ஒரு தடவை பார்த்தேன். 1-1/2 என்று இருந்தவை 9, டிடிபி அக்கா வாயில் சர்க்கரை.

பெயர்களை இப்படி மாற்றினேன்: "எல்போ, ஒன்றரை இன்ச் (1½)". "ரெடியூசர், ஒன்றரைக்கு முக்கால் (1½ × ¾)". "போல்ட், 3 நூல் (⅜)". அடைப்புக்குள் இருப்பதை மட்டும் திரை படிப்பானுக்கு மறைத்துவிட்டேன், இல்லாவிட்டால் ஒரே அளவை இரண்டு முறை சொல்லும். அளவு எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். தேடலுக்கு 1.5, 1 1/2, ஒண்ணரை, ஒன்றரை நான்கையும் மறைவாகச் சேர்த்தேன். மொழியும் ஆங்கிலம் என்றுதான் இருந்தது, தமிழாக்கினேன்.

ஒரு சின்னச் சிக்கல்: போனில் "5/16" ஒரு வரியிலும் "இன்ச்" அடுத்த வரியிலும் உடைகிறது.

அகழிக்கரை | வெள்ளி, இரவு 11:25

நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் &#160; போடுங்கள், உடையாது. பழைய ஸ்கிரிப்ட்டை யாரும் திரும்ப ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த கே இதையும் சாதாரண இடைவெளியாக்கிவிடும்.

காட்பாடி கேட்பவன் | சனி, காலை 6:50

திறந்து பார்த்தேன். "எல்போ, ஒன்றரை இன்ச்" என்று தெளிவாக வருகிறது. ரெடியூசரும் சரி. கேட் வால்வு இரண்டில் மட்டும் இன்னும் "இரண்டு இன்ச்" என்று இரண்டு தரம் வருகிறது, விலை வேறு வேறு. ஒன்று இரண்டரையாக இருக்கும், பாருங்கள்.

பைப்புக்கடை மருமகன் | சனி, காலை 9:05

ஆமாம் சார், இரண்டரைதான், விட்டுப்போயிருக்கிறது. திருத்திவிட்டேன். உங்களுக்கு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், மாமா விலையில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஒடுகத்தூர்க்காரர் அந்தப் பதினோரு எல்போவைத் திருப்பி அனுப்பவில்லை. மேல்மாடியில் அரை இன்ச் லைன் போடுகிறாராம், அதற்கும் சேர்த்துக் காசு அனுப்பிவிட்டார். இன்னும் ஒன்று குறைகிறதாம்.