உப்புத் தண்ணீரில் கொழுக்கட்டைப் புல் முளைக்கவில்லை, விதை செத்துவிட்டதா?

கடலாடி ஆட்டுக்காரன்:
எங்கள் ஊர் கடலாடிப் பக்கம். நாற்பது செம்மறி, கொஞ்சம் வெள்ளாடு. மேய்ச்சலுக்கென்று ஒன்றரை ஏக்கரில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு, ஆடியில் கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். மழை ஏமாற்றிவிட்டது. போர் தண்ணீரைப் பாய்ச்சினேன். நாக்கில் வைத்தால் கரிக்கும், ஆனால் ஆடு குடிக்கிறது. பரிசோதனையில் இ.சி. (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன்) 3.5 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இருபது நாளாயிற்று. வாய்க்கால் ஓரம் நாலைந்து முளை, அவ்வளவுதான். காலையில் போய்ப் பார்த்தால் மண்மேல் உவர் பூத்துச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. விதை கொடுத்தவர், "விதையில் குறையில்லை, உங்க தண்ணிதான்" என்கிறார். அவர் வேறென்ன சொல்வார்! இதே தண்ணீரில் சோளம் முளைக்கிறதே. வறண்ட காட்டுப் புல்லுக்கு இது தாங்காதா? மிச்சம் நாலு கிலோ விதை இருக்கிறது. தூக்கிப் போடவா?

விதை எண்ணுகிறவள்:
தூக்கிப் போடாதீங்க அண்ணே. விதைப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷம் முளை எண்ணியவள் சொல்கிறேன்.

வறட்சியைத் தாங்குவது வளர்ந்த தூர். ஆழமாக வேர் விட்டிருக்கும், தப்பித்துக்கொள்ளும். விதைக்கு அந்த வசதி இல்லை. முளைக்க முதலில் அது தண்ணீர் குடிக்க வேண்டும். கரைசலில் உப்பு ஏற ஏற உறிஞ்சுவது கஷ்டம். லிட்டருக்கு 6 கிராம் உப்பு இருந்தால் நாலரை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பைக் டயரில் நிரப்பும் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. அதையும் மீறி உள்ளே போகிற சோடியமும் குளோரைடும் கருவைத் தாக்கலாம். முதலாவது தாகம், இரண்டாவது விஷம். தாகத்தில் கிடக்கும் விதை நல்ல தண்ணீர் கிடைத்தால் எழுந்துவிடும்.

உங்கள் 3.5 என்பது லிட்டருக்கு 2 கிராம் சொச்சம். அது மட்டும் இப்படிச் செய்யாது. ஆனால் வெயிலில் மேல்மண் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்கு ஆவியானால், மிச்சத்தில் உப்பு மூன்று மடங்கு. சோளத்தை நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுகிறோம். புல் விதை கிடப்பதோ உவர் பூக்கிற அந்த மேல் ஒரு சென்டிமீட்டரில்.

விதை எப்போது அறுத்தது என்று கேட்டீர்களா? கொழுக்கட்டைப் புல் விதைக்கு ஆறேழு மாசம் உறக்கம் உண்டு. புது விதையென்றால் பன்னீர் தெளித்தாலும் பாதி எழுந்திருக்காது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாலு மூடி, டிஷ்யூ பேப்பர், ஒவ்வொன்றிலும் 25 விதை. ஒன்றுக்கு கேன் தண்ணீர், ஒன்றுக்கு போர், மற்ற இரண்டுக்கும் கேன் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு (தலைதட்டிய ஸ்பூன் 6 கிராம் வரும்). பாலித்தீன் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும். 14 நாள் எண்ணுங்கள். முளைக்காததைக் கழுவிக் கேன் தண்ணீருக்கு மாற்றுங்கள்.

வேம்பார் தாத்தா:
தம்பி, அந்தப் பிள்ளை சொல்றது சரி. நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பாத்தி கட்டி விதைத்தீர்களா, பார் (மண்ணை நீளமாகக் குவித்த மேடு) போட்டா? பார் உச்சியில் விதைத்தால் போச்சு, தண்ணீர் ஏறி ஏறி உப்பெல்லாம் அங்கேதான் சேரும். பாரின் பக்கச் சரிவில், பாதிக்குக் கீழே போடுங்கள். ஜிப்சம் ஜிப்சம் என்று நாலு பேர் சொல்வார்கள். அது சோடியம் ஏறி இறுகிப்போன களர் மண்ணுக்கு. இந்த வெள்ளை உவருக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி. ஐப்பசி மழை இரண்டு இறங்கட்டும், அப்புறம் விதையுங்கள்.

கடலாடி ஆட்டுக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஊறுகாய் டப்பா மூடி நாலும் காணோமென்று வீட்டில் ஒரு சண்டை, அதை விடுங்கள்.

14ஆம் நாள்: கேன் தண்ணீர் 15, போர் 12, ஒரு ஸ்பூன் 3, இரண்டு ஸ்பூன் பூஜ்யம். போர் மூடியில் முளைத்தாலும் வேர் குட்டை, கேன் மூடியில் இருந்ததில் பாதிதான். மிச்சத்தைக் கழுவி மாற்றினேன். ஐந்து நாளில் ஒரு ஸ்பூனில் இன்னும் 9, இரண்டு ஸ்பூனில் 10! பஞ்சு மாதிரி இருக்கிற அந்தப் பொதிக்குள்ளிருந்து வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் ஆட்டுக்குட்டி பிறந்த சந்தோஷம். பார் உச்சியில்தான் விதைத்திருந்தேன் தாத்தா. விதை கொடுத்தவர் சித்திரையில் அறுத்ததாம், இப்போதுதான் சொல்கிறார்.

விதை எண்ணுகிறவள்:
அப்போ கேன் தண்ணீரிலேயே எழாத அந்தப் பத்தில் பெரும்பாலும் உறங்குகிறவைதான் இருக்கும். நாலு கிலோவைச் சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள், ஐப்பசிக்குள் இன்னும் கொஞ்சம் தெளியும். அவசரமென்றால் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து 48 மணி நேரம் ஊறவைத்து விதைக்கலாம். அதைப் போர் தண்ணீரில் கரைத்துவிடாதீர்கள்.