1957 மொறிஸ் மைனரை முதல் தடவையா ஜட்ஜிங்குக்கு விடுறன், ஆராவது உதவுங்கோ

வெள்ளவத்தைப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட 1957 மைனர் 1000 ஒண்டு இருக்கு, நாலு கதவு, பெரியப்பா வச்சிருந்தது, எஞ்சின் அதே 948 சீசீ தான், ஜப்பான் எஞ்சின் ஏத்தேல்ல. டிங்கர், பெயின்ட், குஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப ஓடுது. அடுத்த மாசம் கொழும்பில நடக்கிற பழங்கார் ஷோவில சும்மா நிப்பாட்டுவம் எண்டுதான் நினைச்சன், கூட்டாளிமார் உசுப்பேத்தி ஜட்ஜிங்குக்கும் போர்ம் நிரப்பியாச்சு, ஆனா அவை வந்து என்னத்தப் பாப்பினம் எண்டு எனக்கு ஒரு இழவும் தெரியாது.

இப்ப இருக்கிற தலையிடி: இடப்பக்க ட்ரஃபிகேட்டர் (கதவுத்தூணில இருந்து வெளிய வாற சிக்னல் கை) எழும்புது, திரும்ப விழுதில்ல, கதவுத்தூணில ஒரு தட்டுத் தட்டினாத்தான் உள்ளுக்குப் போகுது. பேட்டரிய சார்ஜ் பண்ணுற டைனமோவக் கழட்டிப்போட்டு பெரியப்பா எப்பவோ ஜப்பான் ஒல்டனேட்டர் பூட்டினவர், பழைய டைனமோ பெட்டியில கிடக்கு. பெயின்ட் கிளாரண்டன் கிரே, அவர் காலத்திலயும் அதே கலர்தான், ஆனா நம்பர் பிளேட்டில்ல, எஞ்சின் பக்கத் தகட்டில இருக்கிற எழுத்து வேற என்னவோ சொல்லுது எண்டு ஒருத்தர் வெருட்டுறார். பெயின்ட் அடிச்ச பாஸ் வேற எஞ்சினிண்ட மேல் மூடி, அந்த டெப்பட் கவருக்கு குறோம் அடிச்சா ஜட்ஜ்மார் வாயப் பிளப்பினம் எண்டுறார். அடிக்கவோ?

மருதானை நானா:
தம்பி மொதல்ல தூணத் தட்டுறத நிப்பாட்டுங்க. அந்தக் கைக்குள்ள ஓடுற பல்பு வயரு மெல்லிசு, மடங்குற எடத்துல அறுந்திச்சிண்டா கை எழும்பும், வெளிச்சம் வராது, பொறகு அதுக்கு வேற அலையணும்.

புதுசா பெயின்ட் அடிச்ச கார்ண்டா எனக்கு மொத சந்தேகம் பெயின்ட்லதான். தூணுல கை உள்ளுக்குப் போற பள்ளம் ஈக்குதே, அதுட ஓரத்துல ரெண்டு கோட் பெயின்ட் ஏறினாலே கை ஒரசும். ஸ்விட்ச் போட்டு எழும்ப விடுங்க, ஓஃப் பண்ணிட்டு விரலால மெல்ல அமத்திப் பாருங்க, எந்த எடத்துல புடிக்குதுண்டு கைக்கே வெளங்கும். கடைசி எடத்துல மட்டும் புடிச்சா பெயின்ட். வழி முழுக்க இறுக்கமா வந்தா மேல ஈக்கிற பின்னு காஞ்சி போச்சி, தையல் மெஷின் ஒயில் ஒரு சொட்டு, ஒரு சொட்டுதான், அங்க விடுங்க. கீழ கொயிலுக்குள்ள ஏறி எறங்குற கம்பிக்கு மட்டும் ஒயில் போட்டுறாதீங்க, தூசி புடிச்சி இன்னும் மோசமாவும், பெற்றோல் நனைச்ச துணியால தொடச்சி காயவிட்டா போதும். மெரீன் டிரைவ் பக்கம் பார்க் பண்றீங்கண்டா உப்புக் காத்துக்கு இது அடிக்கடி வரும்.

பழங்கார்ப் பைத்தியம்:
குறோம் அடிக்க வேண்டாம். உங்கட பாஸ் கெட்டிக்காரனாயிருக்கலாம், இந்த விசயத்தில அவர் சொல்லுறதக் கேட்டா புள்ளி போகும். ஜட்ஜிங்கெண்டா அழகுராணிப் போட்டி மாதிரி எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம், உண்மையில அநேகமான இடங்களில 100 புள்ளியில தொடங்கி, பக்டரியில இருந்து வந்ததுக்கு மாறா என்ன கிடக்கு, என்ன ஊத்தை, என்ன வேலை செய்யேல்ல எண்டு கழிச்சுக்கொண்டு போறதுதான் முறை. மைனரிண்ட அந்த எஞ்சின் பச்சை, டெப்பட் கவரும் பச்சை. மினுங்க வச்சீங்களோ அது கூடுதலா ரெஸ்டோர் பண்ணினது எண்டு கழிபடும், அண்டைக்கு இங்கிலாந்தில மொறிஸிண்ட கௌலி பக்டரியில ஒருத்தரும் குறோம் அடிச்சு அனுப்பேல்ல. ரயருக்கு மினுக்கு எண்ணெய் பூசிறதும் அப்பிடித்தான், எனக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது.

கலர் விசயம். 1952க்கும் 58க்கும் இடைப்பட்ட மைனர்களிண்ட அந்தத் தகட்டில இருக்கிற கார் நம்பர் மூண்டு எழுத்தில தொடங்கும். முதல் எழுத்து எஃப் எண்டா மைனர், ரெண்டாவது பொடி, ஏ எண்டா நாலு கதவு, பீ எண்டா ரெண்டு கதவு. மூண்டாவதுதான் கலர், ஏ கறுப்பு, ஈ பச்சை, ஜே கடும் சாம்பல். பிறகு வாற இலக்கத்தில முதலாவது 2 எண்டா வலப்பக்க ஸ்டீயரிங்கோட வெளிநாட்டுக்கு அனுப்பினது. உங்கடதில என்ன கிடக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தைப் பொடியன்:
நானா, பெயின்ட்தான்! பள்ளத்திண்ட கீழ் ஓரத்தில தடிப்பா நிண்டது, பிளேட்டால மெல்லச் சுரண்டிவிட இப்ப டக்கெண்டு விழுது, பெரிய உபகாரம்.

அண்ணை, தகட்டில எஃப் ஏ ஈ எண்டு இருக்கு, பிறகு 2. அப்ப பக்டரியில பச்சையோ? முழுக்கத் திருப்பிப் பெயின்ட் அடிக்கிற காசும் இல்ல, மனமும் இல்ல, எனக்கு அந்தக் கார் கிரே தான்.

பழங்கார்ப் பைத்தியம்:
ஓம், பச்சையாத்தான் வந்திருக்கு. டாஷ்போர்ட்டுக்குக் கீழயும் கதவு கார்டுக்குப் பின்னாலயும் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, பழைய பச்சை எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், இருந்தா அதைப் பூசி மறைக்காமப் படம் எடுத்து வையுங்கோ. இதுக்காகத் திருப்பி அடிக்கச் சொல்லமாட்டன். கிளாரண்டன் கிரே அந்தக் கால மைனரிண்ட சொந்தக் கலர், மெற்றாலிக் நீலமோ ஒண்டுமோ இல்லையே. சில இடத்தில அந்த வருசத்துக் கலர் எண்டா கழிக்கமாட்டினம், சில இடத்தில கொஞ்சம் கழிப்பினம், போர்மோட தந்த விதியில அது எழுதியிருக்கும், வடிவா வாசியுங்கோ. ஆர் எப்ப மாத்தினது எண்டு கேட்டா நேராச் சொல்லுங்கோ. ஜட்ஜுக்குப் புழுகினா அவருக்கு உடன விளங்கும்.

நேரம் கிடைச்சா இங்கிலாந்தில கெய்டனில இருக்கிற பிரிட்டிஷ் மோட்டர் மியூசியத்துக்கு எழுதி ஹெரிட்டேஜ் சேர்ட்டிபிக்கற் எடுங்கோ. பக்டரிப் பதிவேட்டில இருந்து கார் எப்ப கட்டினது, என்ன கலர் எண்டு எழுதித் தருவினம். அடுத்த மாசத்துக்குள்ள வராமப் போகலாம், ஆனா பெரியப்பாவிண்ட பழைய படங்கள், புக் கொப்பி எல்லாத்தோடயும் ஒரு பைலில வைக்க வேண்டிய சாமான்.

தெகிவளை அண்ணை:
டைனமோவப் பற்றி ஒருத்தரும் பேசேல்ல? பொனட்டத் திறந்த உடன கண்ணில குத்துறது அந்த ஜப்பான் ஒல்டனேட்டர்தான், கலரை விட அதுக்குத்தான் நான் பயப்பிடுவன். பிறகு மினுங்கிற சிக்னல் லைட், பிளாஷர் ஏதும் பூட்டி வச்சிருக்கிறீங்களோ? மைனருக்கு பிளாஷர் வந்தது 1961 கடைசியில, 57க்கு அது பிழை, கழட்டிப்போட்டு வாங்கோ.

மருதானை நானா:
அண்ணன், பிளாஷரக் கழட்டி காலி வீதியில ஓட்டச் சொல்றீங்களா? த்ரீவீல்காரனுக்கு பிளாஷரே தெரியிதில்ல, கைய எங்க பாக்கப் போறான். கழட்டிப் பூட்ட ஏலுமான மாதிரி ஓட்டை போடாம வச்சிருந்தா பாதுகாப்புக்குண்டு சொல்லலாம், நானா இருந்தா கழட்டமாட்டன்.

டைனமோ மாத்துறது கஷ்டமில்ல, ஆனா ஒழுங்கு முக்கியம். 57 மைனர் பொசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரிட பொசிட்டிவ் முனைதான் கார்ட பொடில மாட்டுறது. ஒல்டனேட்டர் பூட்டக்குள்ள நெகட்டிவ் எர்த்தா மாத்தியிருப்பாங்க. திருப்பிப் போடுறதுண்டா மொதல்ல புது ரேடியோ, போன் சார்ஜர் எல்லாத்தையும் கழட்டிருங்க, இல்லாட்டி எரிஞ்சிரும். பேட்டரிய மறுபக்கம் திருப்பணும், பொசிட்டிவ் முனை கொஞ்சம் தடிப்பு, அதால பழைய க்ளாம்பு சரியா உக்காராது, மாத்த வேண்டி வரும். இக்னிஷன் கொயில்ல ரெண்டு சின்ன வயரும் இடம் மாறணும். சார்ஜ கட்டுப்படுத்துற லூகாஸ் கட்அவுட் பெட்டியும் வேணும், அது இல்லாம டைனமோ மட்டும் மாட்டி வேலையில்ல, பஞ்சிகாவத்தையில தேடினா கெடைக்கும், உள்ளுக்கு பொயின்ட் கருகியிருக்காண்டு தொறந்து பாத்து வாங்குங்க.

பொறகு எது பொசிட்டிவ், எது நெகட்டிவ்ண்டு டைனமோவுக்கு காட்டிக் குடுக்கணும். பெரிய டேர்மினல் டீ, சின்னது எஃப். ரெண்டு வயரையும் கழட்டி வச்சிட்டு, பேட்டரிட எர்த் இல்லாத முனையில இருந்து ஒரு வயர எடுத்து எஃப்ப ரெண்டு மூணு தரம் தொட்டு எடுங்க, சின்னப் பொறி வரும், பயப்புடாதீங்க. அவ்வளவுதான், வயரத் திருப்பி மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் ரேஸ் பண்ணினோடன டேஷ்ல சிவப்பு லைட் போகணும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
பிளாஷர் இருக்கு நானா, பம்பரில கிளிப் போட்டு பூட்டினது, பொடியில ஓட்டை இல்ல. டைனமோ வேலைய இந்தச் சனி ஞாயிறு ஒரு எலெக்ட்ரிஷன் பாஸை வச்சுச் செய்விக்கிறன். ரயர் ரேடியல், அது பரவாயில்லையோ? அந்தக் கால வகை 5.00க்கு 14 குறொஸ்பிளை ரயர் இங்க தேடிக் களைச்சுப் போனன்.

பழங்கார்ப் பைத்தியம்:
ரேடியலை விடுங்கோ, அகலம் கூடினது இல்லையெண்டாச் சரி. அந்தக் காசுக்கு டிக்கிக்குக் கீழ ஸ்பெயார் வீல் பெட்டியத் துப்பரவாக்கி ஜாக், வீல் ஸ்பனர், ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மூண்டையும் ஒழுங்கா வையுங்கோ, அநேகமான ஆக்கள் விடுறது அங்கதான். ஹோர்ன், வைப்பர், எல்லா லைட்டும், ரெண்டு கையும் ஜட்ஜுக்கு முன்னால போட்டுக் காட்ட வேண்டி வரும். லொறியில ஏத்தாம ஓட்டிக்கொண்டு வாங்கோ, விடிய வெள்ளன வந்து மட்கார்டுக்கு உள்பக்கம் துடைக்க நேரம் வையுங்கோ, ஒரு துவாயும் ஒரு வாளித் தண்ணியும் போதும். முடிய புள்ளித் தாளைக் கேட்டு வாங்குங்கோ, எங்க கழிச்சவை எண்டு அதிலதான் தெரியும்.

தெகிவளை அண்ணை:
தம்பி, கழட்டுற ஒல்டனேட்டரை என்ன செய்யப் போறீர்? விக்கிறதெண்டா எனக்குச் சொல்லும், என்ர ஒஸ்டின் ஏ40க்கு ஒண்டு தேடுறன். நான் ஜட்ஜிங்குக்குப் போறேல்ல.