பெண்ணியம், பெண்ணிலைவாதம்: எச்சொல் பொருத்தம்?

கேள்வி: வணக்கம். கல்லூரிக் கட்டுரைக்காகப் படிக்கையில் தமிழக நூல்களில் 'பெண்ணியம்' என்றும் இலங்கை நூல்களில் 'பெண்ணிலைவாதம்' என்றும் காண்கிறேன். இரண்டும் ஒரே பொருளுடையவையா?

மறுமொழி 1: ஒரே கொள்கையைத்தான் இரண்டும் குறிக்கின்றன. பெண்ணின் நிலையில் நின்று உலகைக் காண்பது என்பதை வெளிப்படையாகச் சொல்வதால், 'பெண்ணிலைவாதம்' எனக்கு நெருக்கமானது.

மறுமொழி 2: பெண்ணியத்தைப் 'பெண்மை'யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெண்மை என்பது சமூகம் பெண்ணிடம் எதிர்பார்க்கும் இயல்பு. பெண்ணியமோ அந்த எதிர்பார்ப்பையே கேள்விக்கு உட்படுத்துவது. இச்சொல் பரவுவதற்கு முன்பே கருத்து இங்கு வேரூன்றியிருந்தது: 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது, ஆனால், இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பதைத் தமிழகம் சட்டமாக்க 1989 வரை, அறுபது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்ததை எண்ணினால் இன்றும் மனம் வலிக்கிறது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. 'பெண்ணியம்' என்றே எழுதி, இலங்கை வழக்கை அடிக்குறிப்பில் தருகிறேன்.