சோஃபி ஜெர்மேன் உண்மையில் எதை நிறுவினார்?

கேள்வி:
வணக்கம். பெண் கணித அறிஞர்களைப் பற்றிய கட்டுரைகளில் சோஃபி ஜெர்மேன் வரும்போதெல்லாம், பாரிஸில் 1794-இல் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் பெண்களுக்கு இடமில்லாததால் 'லெப்லாங்' என்ற ஆண் பெயரில் கணித மேதைகளான லக்ராஞ்சுக்கும் பிறகு காஸுக்கும் எழுதினார் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் (அடுக்கு 2-ஐவிடப் பெரிதானால், இரண்டு நேர் முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி மற்றொரு முழு எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்பது) அவருடைய பங்கு என்ன என்பதைப் பள்ளிக் கணக்கு தெரிந்தவருக்குப் புரியும்படி யாரேனும் விளக்க இயலுமா?

பதில் 1:
5 என்ற பகா எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வரும் 11-உம் பகா எண். இத்தகைய 5-ஐத்தான் இன்று ஜெர்மேன் பகா எண் என்கிறோம். 2-இன் ஐந்தாம் அடுக்கு 32. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 10. 3-இன் ஐந்தாம் அடுக்கு 243, மீதி 1. எந்த முழு எண்ணின் ஐந்தாம் அடுக்கை எடுத்தாலும் மீதி 0, 1, 10 ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். ஆகவே இரண்டு ஐந்தாம் அடுக்குகளின் கூடுதல் மற்றோர் ஐந்தாம் அடுக்காக வேண்டுமானால், அந்த மூன்று எண்களில் ஒன்றாவது 11-ஆல் வகுபட்டே தீரும். இங்கிருந்து மேலே சென்று, அவற்றில் ஒன்று 5-ஆலும் வகுபட வேண்டும் என்று ஜெர்மேன் காட்டினார். அடுக்கு 7 ஆனால், இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வரும் 15 பகா எண் அல்ல, அதனால் உதவாது; நான்கு மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 29 உதவும். இப்படி 100-க்குக் கீழுள்ள ஒற்றைப் பகா எண்கள் அனைத்துக்கும் இதை நிறுவினார். ஃபெர்மா 4-ஆம் அடுக்குக்கும் கணித அறிஞர் ஆய்லர் 3-ஆம் அடுக்குக்கும் தனித்தனியே போராடிய இடத்தில், பல அடுக்குகளை ஒரே வாதத்தால் அணுகியதுதான் அவருடைய பெரும் சாதனை.

பதில் 2:
அந்தச் சாதனை வெளியுலகுக்குத் தெரிந்தது கணித அறிஞர் லெஜாந்தரின் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. 1819-இல் காஸுக்கு எழுதிய மடலில், தேற்றம் முழுவதையும் நிறுவுவதற்கான திட்டத்தையே அவர் விவரித்திருந்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் 1825-இல் கணித அறிஞர் டிரிக்லேயும் லெஜாந்தரும் 5-ஆம் அடுக்குக்கான நிறுவலை முடித்தபோது, அதன் ஒரு பாதி, அதாவது மூன்று எண்களில் எதுவும் 5-ஆல் வகுபடாத நிலை, ஜெர்மேனின் தேற்றத்தால் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

பதில் 3:
அதிரும் தகடுகளின் மீட்சியியல் (வளைந்த பொருள் பழைய வடிவுக்கு மீளும் தன்மை பற்றிய இயல்) குறித்து 1816-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசையும் அவர் பெற்றார். அந்த ஆய்வில் குறைகள் இருந்தன என்பது உண்மை. முறையான கல்விக்கு வழியே விடாமல் தனியே படிக்க வைத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 7-ஆம் அடுக்குகளை 29-ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதிகள் 0, 1, 12, 17, 28 மட்டுமே வருகின்றன. 0-ஐ விட்டுவிட்டால், எந்த இரண்டைக் கூட்டினாலும் மற்ற மீதிகளில் ஒன்று கிடைப்பதில்லை.