புதுப்பிப்பு: நாற்றுப் பண்ணையின் உரிமம் மட்டும் போதுமா?

மரக்கன்று வாங்கும்போது பண்ணைக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா என முன்பு கேட்டிருந்தேன். பலர் போதும் என்றீர்கள். விதிகளைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பண்ணை ஆய்வு பெரும்பாலும் பூச்சி, நோய் பற்றியது. பைட்டோப்தோரா போன்ற கிருமிகள் தொட்டி மண்ணோடு ஊர் விட்டு ஊர் போய்விடும், அதனால் அந்தக் கண்டிப்பு நியாயம்தான். விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கென்றே 1999-ஆம் ஆண்டின் 105-ஆம் எண் உத்தரவு இருக்கிறது. வண்ணச் சீட்டு ஒட்டினால், விதை எடுத்த இடம் மட்டும் தெரிந்தவற்றுக்கு மஞ்சள், தேர்ந்தெடுத்த மரக்கூட்டத்திலிருந்து வந்தவற்றுக்குப் பச்சை. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த தாய்மரங்களிலிருந்து வந்தவற்றுக்கு இளஞ்சிவப்பு. வளர்த்துச் சோதித்து மேன்மை நிரூபித்தவற்றுக்கு நீலம். மஞ்சள் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இயல்காட்டை மீட்கப் பல நேரம் அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. காடு வளர்ப்புக்கு அல்லாத அலங்கார மரங்களுக்கு இந்த உத்தரவு கிடையாது.

பைக்குள் வேர் சுருண்டு கிடப்பதை எந்தச் சீட்டும் சொல்லாது. ஒரு கன்றையாவது உருவி, அடிவேரைப் பாருங்கள். கையோடு விதைத் தொகுதி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.