அம்மா பாதியில விட்டுட்டுப் போன வயர் கூடை, நான் முடிக்கலாமா?

முந்திரிக்காட்டுப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு விஷயம் கேக்கணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கு, அதனால நீளமா போகும், பொறுத்துக்குங்க.

வர்ற ஐப்பசியில அம்மாவுக்கு தலை தெவசம். தம்பி பெரிய ஃப்ளெக்ஸா அடிச்சு முக்கத்துல வைக்கணும்னு நிக்கிறான், போட்டோவுக்குக் கீழ நாலு வரி நீதான் எழுதித் தரணும்னுட்டான். "பாசமிகு தாய், அன்பு மனைவி"ன்னு எழுதிப் பாத்தேன், யாரு அம்மாவுக்கு வேணாலும் ஒட்டுது, எங்க அம்மா மட்டும் அதுல இல்ல.

எங்களுக்கு புதுக்கோட்டை மாவட்டம், ஆதனக்கோட்டை பக்கம். தஞ்சாவூர் ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், ரோட்டோரமா முந்திரி வறுத்து வித்துக்கிட்டு இருப்பாங்க. அம்மா அந்த முந்திரி உடைச்சுதான் எங்களை வளத்துச்சு. வறுத்த கொட்டையை கட்டையால தட்டும்போது பால் தெறிச்சு கையெல்லாம் பொத்துப்போகும், சாம்பலைத் தடவிக்கிட்டே உடைக்கும். கல்யாண வீட்டுல எல்லாரும் மருதாணிக் கையோட நிப்பாங்க, எங்க அம்மா கை மட்டும் கருகருன்னு இருக்கும்.

91, 92ல எங்க பக்கம் அறிவொளி இயக்கம் வந்தப்ப அம்மா ராத்திரி வகுப்புக்குப் போயி எழுதப் படிக்க கத்துக்கிச்சு, அப்படியே சைக்கிளும். எனக்கு அப்ப நாலு வயசு, முன்னாடி பார்ல துண்டைச் சுத்தி என்னை உக்கார வச்சுக்கிட்டு கேரியர்ல பருப்பு மூட்டையை வச்சு புதுக்கோட்டை வரைக்கும் மிதிக்கும். அதுக்கு முன்னாடி வீட்டுக்கே வந்து எடுக்குற வியாபாரி சொன்னதுதான் விலை.

கஜா புயல் அன்னைக்கு (2018 நவம்பர் 16) எங்க வீட்டு ஓடு பாதி பறந்துருச்சு. தார்ப்பாய்க்கு ஊரே அலையுது, அம்மா ரோட்டுல கிழிஞ்சு கெடந்த ஃப்ளெக்ஸ் பேனரையெல்லாம் பொறுக்கிட்டு வந்து கூடை பின்னுற வயரால கைமரத்தோட சேத்துத் தச்சிருச்சு. யாரு வீட்டு காதணி விழாவோ தெரியல, படுத்து மேல பாத்தா ஒரு குட்டிப் பாப்பா தலைகீழா சிரிச்சுக்கிட்டு இருக்கும். ரெண்டு மாசம் அதுக்கு அடியிலதான் தூங்குனோம். அப்பேர்ப்பட்டவங்களுக்கு ஃப்ளெக்ஸ் வச்சா, இருந்திருந்தா மறுநாளே கழட்டிட்டு வந்து அதுல கடலை காயப்போட்டுருக்கும்.

ரெண்டாவது விஷயம். ஒரு பச்சை வயர் கூடையை பாதி பின்னி வச்சிருக்கு, பத்து வரிசை வந்திருக்கு, வயரெல்லாம் மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு முடிச்சு மட்டும் போடத் தெரியும், மேல முடிக்கிறது, கைப்பிடி எல்லாம் தெரியாது. நான் முடிக்கலாமா, இல்ல அப்படியே வைக்கிறதா? அப்பா அதைத் தொட விடமாட்டேங்குறார்.

கூடைக்கார அக்கா:
தங்கச்சி, முடிங்க. பின்னுற கூடையை பாதியில விட்டா வயர் வளைஞ்ச வாக்குல மொரடா நின்னுரும், அப்புறம் நானே வந்தாலும் முடியாது. இப்பவே கொஞ்சம் மொரண்டு புடிக்கும், இளவெயில்ல வச்சா இளகும்.

அம்மா பின்னுன வேற கூடை வீட்டுல இருக்கும்ல, அதுல எத்தனை வரிசைன்னு எண்ணிக்குங்க, அதுதான் அவங்க அளவு. ரன்னிங் வயர், அதான் வரிசையா முடிச்சு போட்டுக்கிட்டே சுத்தி வர்ற நீள வயர், தீந்துபோச்சுன்னா புது வயர் நுனியை பழைய நுனியோட சேத்து ஒரே முடிச்சுக்குள்ள ஓட்டி ரெண்டு வாலையும் உள்பக்கமா விடுங்க, வெளிய விட்டா சேலையைக் கிழிக்கும். கடைசி வரிசைக்கு அப்புறம் நீட்டிக்கிட்டு இருக்குற ஒவ்வொரு வயரையும் உள்பக்கம் மடக்கி கீழ ரெண்டு மூணு முடிச்சுக்குள்ள சொருகி இழுத்துட்டுதான் வெட்டணும். வெட்டிட்டு சொருகப் பாக்காதீங்க, எல்லாரும் முதல் கூடையில அந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்க. கைப்பிடி கடைசி வேலை, அதுக்குத் தனி வயர், அங்க வந்ததும் கேளுங்க சொல்றேன்.

இன்னொண்ணு, உங்க கை இறுக்கம் வேற, அம்மா கை இறுக்கம் வேற. பத்தாவது வரிசைக்கு மேல லேசா இடுப்பு மாதிரி தெரியும். நல்லா இல்லன்னு பிரிச்சுறாதீங்க.

சும்மா ஒருத்தன்:
ஃப்ளெக்ஸ் வைக்கட்டுமே விடுங்க. உங்களுக்கு எழுத வருது, நீளமா எழுதித் தீத்துக்குறீங்க, தம்பிக்கு தெரிஞ்சது ஃப்ளெக்ஸ். எங்கம்மா போனப்ப நான் பெரிய இவனாட்டம் இதெல்லாம் எதுக்குன்னு தடுத்துட்டேன், எங்க அண்ணன் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறான். அந்த நாலு வரியில பாசத்தை விட்டுட்டு "கஜாவுக்கு கூரை தச்சவர்"னு போடுங்க, முக்கத்துல நாலு பேரு நின்னு படிப்பான்.

பழைய தொண்டர்:
அம்மா, நான் அந்த அறிவொளியில தொண்டரா இருந்தவன், வேற ஒன்றியம். உங்க அம்மாவை எனக்குத் தெரியாது, ஆனா அந்த மாதிரி நூறு பேருக்கு நான் சைக்கிளைப் புடிச்சுவிட்டிருக்கேன். அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. எழுத்து சொல்லிக் குடுத்தா மட்டும் பத்தாது, பொம்பளைங்க யாரையும் எதிர்பாக்காம ஊருக்கு ஊரு போகணும்னு சைக்கிளையும் இயக்கத்தோட சேத்தாங்க. குவாரியில கல் உடைக்கிறவங்க, நர்சுங்க, டீச்சருங்க, எல்லாரும் வந்தாங்க.

பார்ல உக்கார வச்சதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுல ஒரு விஷயம் இருக்கு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளுக்கு மாறுனாங்கன்னாலும், அப்புறம் நெறைய பேரு அதைத்தான் வேணும்னே கேட்டாங்க. பிள்ளையை உக்கார வைக்க அந்தப் பார் வேணுமே. ஊருல பேசுன பேச்சு கொஞ்சநஞ்சம் இல்ல, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறுறாளே பாருன்னு. வீட்டுக்காரங்களே சைக்கிளை ஒளிச்சு வச்ச கதையெல்லாம் உண்டு. உங்க அப்பா எப்படின்னு கேட்டுப் பாருங்க, சும்மா கேக்குறேன்.

ராத்திரி ஷிப்ட்:
நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்தக் கருத்த கையை வருத்தம் மாதிரி எழுதிட்டு சைக்கிளை மட்டும் பெருமையா எழுதுறீங்க. எங்கம்மாவும் முந்திரிதான், பண்ருட்டி பக்கம். கையை யாருகிட்டயும் காட்டாது, போட்டோ எடுத்தா முந்தானைக்குள்ள வச்சுக்கும். ஃப்ளெக்ஸுல கை தெரியுற போட்டோ இருந்தா அதைப் போடுங்க.

முந்திரிக்காட்டுப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா பதில் போட முடியல, காரணம் இருக்கு.

கை தெரியுற போட்டோ தேடுனேன், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, என் மகளுக்கு மொட்டை போட்டப்ப அவ தலையில சந்தனம் தடவுற போட்டோ. தம்பி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சரின்னுட்டான்.

பெரியவர் சொன்ன மாதிரி அப்பாகிட்ட சைக்கிளைப் பத்திக் கேட்டேன். முதல்ல எந்திரிச்சுப் போயிட்டார். ராத்திரி சாப்பிடும்போது அவரா ஆரம்பிச்சார், அந்த முதல் வருஷம் சைக்கிளை ஒளிக்கலையாம், ஆனா ராத்திரியில எந்திரிச்சு வால்டியூப்பை, அதான் சக்கரத்துல காத்து வெளிய வராம புடிக்கிற சின்ன ரப்பர் குழாயை, உருவி விட்டுருவாராம், காலையில காத்து இல்லாம நிக்கட்டும்னு. பத்துப் பதினஞ்சு தடவை பண்ணியிருக்கார். அம்மா ஒரு வார்த்தை கேக்கலையாம், வால்டியூப்பு வாங்கி முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு காலையில மாட்டி, பக்கத்து வீட்டுல பம்பு வாங்கி அடிச்சுக்கிட்டுப் போயிருமாம். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது, நான் சொல்லாமலே விட்டுட்டேன்னு தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னார்.

எனக்கு சுருக்குன்னுச்சு. அம்மாகிட்ட பழைய கோல நோட்டு ஒண்ணு உண்டு. ஒரு பக்கம் கோலம், 15 புள்ளி 8ல நிறுத்தணும்னு எழுதி வரைஞ்சிருக்கும், எதிர்ப்பக்கம் கணக்கு. எழுதக் கத்துக்கிட்ட புதுசுல ஆரம்பிச்ச நோட்டு, எழுத்தெல்லாம் நண்டு ஊர்ன மாதிரி. எடுத்துப் பாத்தா பருப்பு இத்தனை கிலோ, டீ, வால்டூப்பு, உப்பு, வால்டூப்பு, மண்ணெண்ணெ, வால்டூப்புன்னு பக்கம் பக்கமா வருது. ஒரு பக்கத்துல மட்டும் "வால்டூப்பு நாலணா. அவுக வேல"ன்னு எழுதியிருக்கு.

அப்பாகிட்ட காட்டுனேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் படிச்சார், ரெண்டே வார்த்தைதான், அதைப் படிக்க அவ்வளவு நேரம். அப்புறம் சிரிச்சார், சிரிச்சுக்கிட்டே இருந்தார், நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். காலையில பாத்தா கூடையைத் தூக்கி வாசல்ல வெயில்ல வச்சிருக்கார்.

கூடைக்கார அக்கா, அம்மாவோட பழைய கூடையில 18 வரிசை இருக்கு, இன்னும் எட்டு போடணும். ரன்னிங் வயர் ஒரு முழம்தான் மிச்சம், இது கிளிப்பச்சையும் இல்ல இலைப்பச்சையும் இல்ல, நடுவுல ஒரு கலர். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில கிடைக்குமா, இல்ல திருச்சிக்குத்தான் போகணுமா?