கோதுமை ரகங்களில் தழைச்சத்து பயன்பாட்டுத் திறன்: எந்தக் கணக்கை நம்புவது?

பாத்திக்கணக்கு:
ஒரு கிலோ தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) எந்த ரகம் அதிக மகசூல் தருகிறது என்று பார்க்க, இரண்டு கோதுமை ரகங்களை ஒரே வயலில் ஒப்பிடுகிறேன். தழைச்சத்து இடாத பாத்தியில் ஹெக்டேருக்கு ‘அ’ 2,400 கிலோ, ‘ஆ’ 3,200 கிலோ. 120 கிலோ தழைச்சத்து இட்டதில் ‘அ’ 4,800, ‘ஆ’ 5,000. கூடிய மகசூலை உர அளவால் வகுத்தால் ‘அ’வுக்கு 20, ‘ஆ’வுக்கு 15. திறன் மிக்கது ‘அ’தான் என்று எழுதிவிடலாமா? விதைப்புக்கு முன் 90 செ.மீ. ஆழம் வரை மண்ணில் இருந்த கனிமத் தழைச்சத்து (வேர் நேரடியாக எடுக்கக்கூடிய வடிவம்) ஹெக்டேருக்கு 60 கிலோ.

வேர்மண்:
வேண்டாம். அந்தக் கணக்கு ‘ஆ’வை அநியாயமாகத் தண்டிக்கிறது. மண்ணில் இருப்பதைத் தானே தேடி எடுக்கும் ரகத்துக்கு உரமிடாத பாத்தியிலேயே மகசூல் அதிகம். அதனால் உரத்தால் கூடுவது குறைவாகத் தெரியும். மோல் குழுவினர் 1982இல் மக்காச்சோளத்துக்கு வகுத்த முறையில், மண்ணும் உரமும் சேர்ந்த மொத்த அளவால் வகுங்கள். 180 கிலோவுக்கு ‘அ’ 26.7, ‘ஆ’ 27.8. உரமில்லாத பாத்தியில், மண்ணின் 60 கிலோவால் மட்டும் வகுத்தால், ‘அ’ 40, ‘ஆ’ 53.3. உண்மையான இடைவெளி அங்கேதான். பயிர்க்காலத்தில் மண்ணின் மக்கிய கரிமப் பொருள் சிதைந்து வெளிவரும் தழைச்சத்து இந்த 60இல் சேரவில்லை. ஆனால் அது இரண்டு ரகத்துக்கும் பொது.

மணிப்புரதம்:
மகசூலை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். மணியின் தழைச்சத்தையும் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு ‘அ’ 1.9%, ‘ஆ’ 1.7% என்று வைத்துக்கொள்வோம். கோதுமையில் தழைச்சத்தைப் புரதமாக மாற்றும் 5.7ஆல் பெருக்கினால் புரதம் 10.8%, 9.7%. ‘ஆ’ மாவுச்சத்தை நிறைய ஏற்றிப் புரதத்தை நீர்க்க வைத்திருக்கிறது. ரொட்டிக்கு வாங்குபவர் முகம் சுளிப்பார்.

பலர் தடுக்கி விழும் இடம் ஈரப்பதம். ஆய்வகம் தரும் சதவீதம் உலர் எடைக்கு. மகசூலோ 12% ஈரத்தோடு. 0.88ஆல் பெருக்கிய பிறகுதான் கணக்கு: மணியில் சேர்ந்த தழைச்சத்து ‘அ’ 80 கிலோ, ‘ஆ’ 75 கிலோ. வைக்கோலையும் விடாதீர்கள். ஹெக்டேருக்கு 5 டன் வைக்கோலில் 0.2% வித்தியாசம் வந்தாலே 10 கிலோ. உறிஞ்சியதில் யார் முந்தி என்பதே தலைகீழாகிவிடும்.

மேலுரம்:
களத்தில் பார்க்க வேண்டியவை. விதையை எடைக்குப் போடாதீர்கள். ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால், ஆயிரம் மணி 35 கிராம் உள்ள ரகத்தில் சதுர மீட்டருக்கு 286 விதை, 48 கிராம் உள்ளதில் 208. அந்த வித்தியாசத்தை ரகத்தின் திறன் என்று எண்ணிவிடுவோம்.

120 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 261 கிலோ. மூன்றில் ஒரு பங்கை அடியுரமாகவும், மீதியைத் தூர் கட்டும்போதும் முதல் கணு தெரியும்போதும் இடுங்கள். நாள் கணக்கு பார்த்தால் குறுகிய கால ரகம் ஏமாந்துபோகும். ஈர மண்ணின் மேல் தூவித் தண்ணீர் விடாமல் போட்டால், அதுவும் சுண்ணாம்பு மண்ணில், அமோனியாவாகப் பறந்துவிடும். உயர ரகம் சாய்ந்தால் அந்தப் பாத்தியைக் குறித்து வையுங்கள். சாய்ந்ததால் வந்த இழப்பு உறிஞ்சும் திறனைச் சொல்லாது.

பாத்திக்கணக்கு:
நன்றி. 0, 120 என்ற இரண்டு அளவு போதுமா?

வேர்மண்:
போதாது. 0, 60, 120, 180 வையுங்கள். குறைந்த உரத்தில் முந்தும் ரகம் 180இல் பின்தங்கலாம். இரண்டு ரகங்களின் மகசூல் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்பது இரண்டு புள்ளியில் தெரியாது. உர அளவைப் பெரிய பாத்திகளுக்கும், ரகங்களை அவற்றுக்குள் சிறு பாத்திகளுக்கும் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் 180 பாத்தியின் தழைச்சத்தைப் பக்கத்து 0 பாத்தியின் வேர்கள் எடுத்துக்கொள்ளும். ஓர வரிசைகளை அறுவடையில் சேர்க்காதீர்கள்.